மூன்றாம் சீட்டு

எங்கள் வீட்டில் அம்மா வெண்கலக் கும்பாவைப் புளி போட்டுத் துலக்கினால், அப்பா ஏதோ ஒன்றில் முடிவு தெரியாமல் நிற்கிறார் என்று அர்த்தம். காளை வாங்குவதோ, கூரை மாற்றுவதோ, எதுவானாலும் அப்பா இரண்டு துண்டுத் தாளில் இரண்டு பதிலை எழுதி, ஒரே மாதிரி மடித்து, அந்தக் கும்பாவில் போட்டுவிட்டு முழங்காலில் நிற்பார். திருவுளச்சீட்டு என்று அதற்குப் பேர். ஆண்டவருடைய உள்ளம் எதுவோ அதுவே சீட்டில் வரும், வந்தபடி நடந்துகொள்ள வேண்டும். ஜெபம் முடிந்ததும் கடைக்குட்டியான நான் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்துக் கொடுப்பேன். கள்ளம் அறியாத கை என்று அப்பா சொல்வார். அம்மாவின் தம்பியான மாமா மட்டும், "நேத்து கருப்பட்டிப் பானைக்குள்ள போன கைதான அது" என்பார்.

எங்களுக்கு மேலகரத்தில் வீடு. அப்பாவிடம் இரண்டு மாட்டுவண்டி இருந்தது. சாரல் காலத்தில் தென்காசி ஸ்டேஷனில் வந்து இறங்குகிறவர்களைக் குற்றாலத்துக்கு ஏற்றிக்கொண்டு போவார். மற்ற மாதங்களில் நெல் மூட்டை. படிப்பு அதிகம் இல்லை. ஆனால் கோயிலில் அவர் ஜெபம் பண்ண எழுந்தால் அழுகிற பிள்ளைகூட வாயை மூடும். எந்த ஜெபமும் கடைசியில் "என் இஷ்டம் அல்ல ஆண்டவரே, உம் இஷ்டம்" என்றுதான் வந்து முடியும். சொல்லும்போது குரல் தழுதழுக்கும். நடிப்பு இல்லை, மனசாரத்தான் சொன்னார்.

யுத்தம் தொடங்குவதற்கு முந்தின சாரல் அது. அக்கா பாளையங்கோட்டையில் போர்டிங்கில் தங்கிப் படித்து, நர்ஸ் வேலையும் பழகிவிட்டு வந்திருந்தாள். ரயில் மாறி ரயில் ஏறிப் போகவேண்டிய தூரத்தில், குஷ்டரோகிகளுக்கென்று மிஷன் நடத்திய ஓர் ஆஸ்பத்திரியில் ஆள் கேட்டிருந்தார்கள். ஆண்டவர் தன்னை அங்கேதான் கூப்பிடுகிறார் என்று தோன்றுவதாக அக்கா அப்பாவிடம் சொன்னாள். அதே மாதம் அச்சன்புதூரிலிருந்து அவளைப் பெண் கேட்டு வந்தார்கள். எங்கள் சபைக்காரர்கள்தான். நஞ்சையும் தோப்பும் உண்டு, பையனும் தங்கமானவன். பொல்லாத குடும்பமாக இருந்திருந்தால் அப்பாவுக்கு வேலை லேசாகப் போயிருக்கும்.

அந்த வியாதிக்காரர்களைத் தொட்டுக் கட்டுப் போட்ட பெண்ணை அப்புறம் ஒருத்தனும் கட்டமாட்டான், சொந்தக்காரன்கூட வாசலுக்கு உள்ளே விடமாட்டான் என்று மாமா வந்து பயமுறுத்தினார். அவர் மெனக்கெட்டிருக்க வேண்டாம். பெண்ணைப் பெற்றவன் வயிற்றில் நெருப்பு என்பார்களே, அப்பா ஏற்கனவே உள்ளுக்குள் வெந்துகொண்டுதான் இருந்தார்.

அம்மா கும்பாவைத் துலக்கினாள்.

முதல் தடவை நான் எடுத்துக் கொடுத்த சீட்டில் 'ஆஸ்பத்திரி' என்று இருந்தது. அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மறுபக்கத்தில் ஒன்றும் இல்லை. பிறகு, ஜெபம் பண்ணும்போது நொண்டிக்கொண்டிருந்த காளையின் மேல் தன் நினைப்பு போய்விட்டதென்றும், ஒருமனப்படாமல் கேட்ட கேள்விக்கு வந்த பதில் செல்லாதென்றும் சொல்லிவிட்டார். சீட்டைப் படித்தபோது "சரிப்பா" என்ற அக்கா, செல்லாது என்றபோதும் "சரிப்பா" என்றாள்.

அடுத்த வாரம் அப்பா உபவாசம் இருந்து கேட்டார். கும்பா பக்கத்தில் உட்காரப் போன என்னை, "ஏட்டி, கையக் கழுவிட்டு வா" என்று எழுப்பி அனுப்பினார். கழுவின கைக்கும் ஆஸ்பத்திரியே வந்தது. இந்தத் தடவை குற்றம் என் பேரில் விழுந்தது. மடிப்பைப் பிள்ளை விரலால் தடவிக் கண்டுகொண்டிருக்கும் என்றார். ஆதி நாட்களில் பக்தர்கள் திரும்பத் திரும்ப அடையாளம் கேட்டதில்லையா என்றும் கேட்டார். பொதுவாக இந்த விஷயங்களில் வாயே திறக்காத அம்மா, முறத்திலிருந்து தலையைத் தூக்காமல், "ரெண்டு தடவ சொல்லியாச்சு. அவருக்குந்தான் வாய் வலிக்காதா?" என்றாள். அப்பா தொழுவத்துக்கு எழுந்து போய்விட்டார்.

மூன்றாம் தடவை கேட்டது, அச்சன்புதூர்க்காரர்கள் பதிலுக்கு வருவதாகச் சொல்லியிருந்த நாள் காலையில். வெளியே வெயிலும் சாரலும் கலந்து விழுந்துகொண்டிருந்தது. புதுத் தாள், புது மடிப்பு. அன்றைக்கு அப்பாவின் ஜெபம் நீண்டுகொண்டே போயிற்று; ஆனால் வழக்கமான அந்தக் கடைசி வாக்கியம் மட்டும் வரவில்லை. ஆமென் என்று வெடுக்கென முடித்துவிட்டார். நான் எடுத்தேன்.

'கலியாணம்' என்று இருந்தது.

மாமா பெருமூச்சு விட்டார். "பாத்தியளா அத்தான். பொறுத்தார் பூமி ஆள்வார்னு சும்மாவா சொன்னாவ?" அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சுவரோடு சாய்ந்தாள். அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. அவள் பேசினபோது குரலில் கோபமோ அழுகையோ இல்லை.

"சரிப்பா. அவரு இஷ்டம் அதுன்னா நான் கட்டிக்கிடுதேன். அவிய வரட்டும்."

கேட்டது கிடைத்துவிட்ட மனுஷன் எப்படி இருப்பான் என்று எனக்குத் தெரியும். திருவிழாக் கடையில் பலூன் வாங்கின பிள்ளை மாதிரி இருப்பான். அப்பா அப்படி இல்லை. அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, அடுப்பங்கரைக்குப் போய், உலை கொதித்துக்கொண்டிருந்த அடுப்பில் அந்தச் சீட்டைப் போட்டுவிட்டார்.

மாமா பின்னாலேயே ஓடினார். "என்ன அத்தான் இது, ஆண்டவரு குடுத்தத அடுப்புல போடுதியளே."

அப்பா திரும்பவில்லை. நெருப்பைப் பார்த்தபடியே சொன்னார். "அவரு முதல் நாளே குடுத்துட்டாரு மாப்ள. இது நான் அவருகிட்ட புடுங்குனது." விறகை உள்ளே தள்ளிவிட்டு, "ஒவ்வொரு தடவையும் என் மக சரின்னா. அதச் சொல்ல எனக்கு ஒரு தடவகூட வாய் வரல" என்றார்.

துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு சாரலில் இறங்கி நடந்தார். வருகிறவர்களை வீட்டுக்கு வரவழைத்து அவமானப்படுத்தக் கூடாதென்று, பாதையிலேயே போய் நின்று, பெண் தர முடியவில்லை என்று தன் வாயாலேயே சொல்லியிருக்கிறார். என்ன சொன்னார், அவர்கள் என்ன சொன்னார்கள் என்று கடைசிவரை எங்களிடம் சொன்னதில்லை. அதற்குப் பிறகு வெகுநாள், கோயிலில் நாங்கள் உட்கார்ந்த வரிசையில் அவர்கள் உட்காரவில்லை.

எனக்கு அன்று முதல் தூக்கம் கெட்டது. என் கணக்கு நேரானது. ஆண்டவரிடம் கேட்டோம், ஆண்டவர் என் கையால் எடுத்துக் கொடுத்தார், அப்பா அதைக் கொளுத்திவிட்டார். கீழ்ப்படியாதவர்களைப் பூமி வாயைத் திறந்து விழுங்கின கதையெல்லாம் ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில் கேட்டவள் நான். அப்பா நடக்கும்போது அவர் காலடி மண்ணையே பார்த்துக்கொண்டு பின்னால் போவேன். மலையில் இடி இடித்தால் எங்கள் வீட்டைத்தான் தேடுகிறது என்று அம்மாவின் சேலைக்குள் புகுந்துகொள்வேன். அருவியில் வெள்ளம் வந்து ஒருவரையும் குளிக்க விடாமல் நிறுத்தினபோது, ஊரே எங்களால் கஷ்டப்படுகிறது என்று நினைத்தேன். அப்பாவோ சாதாரணமாக மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். முன்னைவிட நன்றாகக்கூடச் சாப்பிட்டார். அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

அக்காவை ரயிலேற்ற, அம்மாவையும் என்னையும் கூட ஏற்றிக்கொண்டு, அப்பாவே வண்டி ஓட்டினார். தகரப்பெட்டியைத் தானே தூக்கி உள்ளே வைத்தார். அக்காவின் தலையில் கை வைத்து ஜெபம் பண்ணுவார் என்று நினைத்தோம். கை வைத்தார், வார்த்தை வரவில்லை. ரயில் வளைவில் மறைகிற வரைக்கும் நேராக நின்றார். பிறகு வெளியே வந்து, காளையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, ஸ்டேஷனில் நின்ற வண்டிக்காரர்கள் எல்லோரும் பார்க்க, வாய்விட்டு அழுதார். அப்பா அழுது நான் பார்த்தது அன்றுதான்.

நான் எதிர்பார்த்த தண்டனை இந்த அழுகையாக வந்துவிட்டது என்று எனக்கு உடனே புரிந்துபோயிற்று. பூமி பிளக்கவில்லை, இடி விழவில்லை. வீட்டை விட்டு யாரையும் பிரிக்கவும் இல்லை, அக்கா ஒருத்தியைத் தவிர. இவ்வளவோடு விட்டாரே என்று ஆண்டவருக்கு மனசுக்குள் ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு, பல நாளாக இல்லாத நிம்மதியோடு அம்மா மடியில் தலை வைத்து, மேலகரம் வந்து சேருமுன் தூங்கிவிட்டேன்.