ஒரு வரியில் போன சமையல்காரி

கண்ணாடிக் கடைக்காரர் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் திருப்பினார். திருகாணி கழன்ற மூக்குக்கண்ணாடியோடு வந்திருந்த பெண், கையிலிருந்த நாவலை மேசைமேல் வைத்திருந்தார். கடைக்காரர் கண்ணாடியைத் துணிமேல் வைத்துவிட்டு நாவலை எடுத்துக்கொண்டார்.

"இந்தப் பொண்ணு பொழச்சிடறா. தைரியமா படிங்க."

அந்தப் பெண்ணின் முகம் போன போக்கை அவர் கவனிக்கவில்லை. அதற்குள் திருகாணியைத் தேடத் தொடங்கியிருந்தார்.

பக்கத்துக் கடைகளில் அவருக்குப் பெயரே 'கடைசிப் பக்கம்'தான். யார் சாகிறார்கள் என்று தெரியாமல் எந்த நாவலுக்குள்ளும் காலை வைக்கமாட்டார். தெரிந்தே படித்தாலும் தாங்கமாட்டார். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்த நாட்கள் உண்டு. கேட்டால், "தெரிஞ்சவங்க ஒருத்தர் தவறிட்டார்" என்பார்.

பிடிக்காத எழுத்தாளர்கள் யாரைக் கொன்றாலும் அவருக்குக் கவலையில்லை. கோபமெல்லாம் பிடித்தவர்கள் மேல்தான். "அறுநூறு பக்கம் கூடவே உக்கார வெச்சுப் பழக்கிட்டு, காய்ச்சல்னு சொல்லி அனுப்பிடறார். இது நியாயமா?" ஒருவருக்குக் கடிதமே எழுதிக் கேட்டார். 'கதை ஒரு சாவைக் கேட்டது, கொடுத்தேன்' என்று பதில் வந்தது. அதை வருகிறவர் போகிறவர்களிடமெல்லாம் காட்டினார். "கதை கேட்டுச்சாம். கேட்டா குடுத்துடறதா?"

அவரும் ஒரு நாவல் எழுதினார். பதிப்பகங்கள் வாயே திறக்காததால் சொந்தச் செலவில் அச்சுக்குக் கொடுத்தார். பெண்கள் விடுதி ஒன்றின் கதை. அதில் வரும் சமையல்காரி அவருடைய அக்கா. அக்கா அப்படியொரு விடுதியில்தான் சமைக்கிறாள். பாத்திர விளிம்பைக் கரண்டியால் தட்டிப் பெண்களை எழுப்புவது, கோபம் வந்தால் உப்பைப் பற்றி மட்டும் பேசுவது, எல்லாம் அப்படியே.

கையெழுத்துப் பிரதியில் சமையல்காரி கடைசி வரை இருந்தாள். அச்சகத்துக்காரர் பக்கங்களை எண்ணிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "பதினாறு பக்கம் ஒரு ஃபாரம் சார். உங்களுது பத்து ஃபாரத்தத் தாண்டிக் கொஞ்சம் வழியுது. வெட்டிட்டீங்கன்னா அழகா உக்காரும்."

வெட்டுவதற்கு வாகாக இருந்தது சமையல்காரியின் பகுதி. எடுத்தாயிற்று. அப்புறம் அவள் எங்கே என்று யாராவது கேட்பார்களே. அச்சக ஸ்டூலில் உட்கார்ந்தபடியே ஒரு வரி சேர்த்தார்: 'சமையல்காரி இறந்த மறுவாரம் விடுதிக்கு வெள்ளையடித்தார்கள்.'

"இப்ப கச்சிதம்," என்றார் அச்சகத்துக்காரர். இவரும் தலையாட்டினார்.

அக்காவுக்குப் படிக்கிற பழக்கம் கிடையாது. அந்தத் தைரியத்தில்தான் ஒரு பிரதியைக் கொடுத்தார். தம்பி எழுதியது என்று அவள் அடுப்படியிலேயே வைத்துக்கொண்டு படிக்க ஆரம்பித்துவிட்டாள். தினமும் போன் வரும். "உப்பு விஷயத்தக் கூட விடலியேடா, கழுதை. விடுதிப் பொண்ணுங்க கிட்ட எல்லாம் காட்டிட்டேன்." அச்சில் கோளாறு, வேறு பிரதி தருகிறேன் என்று ஒருநாள் அதைத் திருப்பிக் கேட்டுப் பார்த்தார். "எனக்கு நல்லாத்தான் போகுது" என்று சொல்லிவிட்டாள்.

முடித்த அன்று கடைக்கே வந்தாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"எல்லாம் நல்லா இருக்கு. அவதான் பாதியில காணோம்."

"யாருக்கா?"

"நான்தான்டா. சமையக்காரி. திடீர்னு வெள்ளையடிக்கிறாங்க, அதுக்கப்புறம் ஆளே இல்ல. எங்கடா அனுப்பின?"

அவள் அந்த வரியைத் தாண்டிப் போயிருக்கிறாள். கண்ணில் படாத அளவுக்குச் சின்னச் சாவு. கதை கேட்டது என்று அந்த எழுத்தாளராவது சொன்னார். இங்கே கதை ஒன்றும் கேட்கவில்லை. ஃபாரம் கேட்டது.

"வேலைய விட்டுட்டு தம்பி வீட்டோட போயிட்டாக்கா," என்றார், லென்ஸைத் துடைத்தபடி.

"அவளுக்குத் தம்பி இருக்கானா? அதை ஒரு வரி எழுதியிருக்கலாமே."

"எழுதியிருக்கேன்க்கா."

"அப்ப நான்தான் விட்டிருப்பேன்," என்று புத்தகத்தைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

மறுநாள் அவர் கடையைத் திறக்கவில்லை. விடுதிக்குப் போனார். பெண்கள் வேலைக்குப் போயிருந்தார்கள். சமையலறை மேசையில் அக்கா புத்தகத்தை விரித்து வைத்திருந்தாள். வெள்ளையடிக்கிற அத்தியாயம். விரலை வைத்து, உதடு அசைய, ஒவ்வொரு சொல்லாகப் படித்துக்கொண்டிருந்தாள். விரல் அந்த வரிக்கு ஒரு பத்தி மேலே இருந்தது.

"அக்கா," என்றார்.

"பேச்சுக் குடுக்காத. மறுபடி விட்டுடுவேன்."

அவர் எதிரே உட்கார்ந்தார். பீன்ஸ் தட்டைத் தன் பக்கம் இழுத்து, தலையைக் குனிந்துகொண்டு, ஒவ்வொன்றாகக் காம்பு கிள்ளத் தொடங்கினார்.