முப்பது ஓவரில் அப்பா

பக்கத்து வீட்டு டிவியில் பத்து ஓவர் மேட்ச். கூட்டம் கத்துகிற சத்தம் கேட்டாலே ஜன்னலைச் சாத்திவிடுகிறேன்.

வாத்தியாரான என் அப்பா, உறையூர் டீமுக்காக நாள் முழுக்க அவுட்டாகாமல் நிற்பார். அதற்குத்தான் அவரை வைத்திருந்தார்கள். எண்பதுகளில் முப்பது ஓவர் ஆட்டம் வந்தது. முதல் ஆட்டத்தன்றும் ரன் எடுக்காமல் அப்படியே கட்டை போட்டார். ஓவர்கள் தீர்ந்துகொண்டிருந்தன.

“யோவ் வாத்தியாரே, தூங்கிட்டியா?” என்று கூட்டம் சிரித்தது. பத்து வயதுப் பெண்ணான எனக்கு அவமானமாகிவிட்டது. நானும் கத்தினேன்: “அவுட்டாகித் தொலைங்கப்பா!”

அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். அடுத்த பந்துக்கு மட்டையைத் தூக்கிக்கொண்டு விலகி நின்றார். ஸ்டம்பு பறந்தது. அதன்பின் அவர் ஆடவே இல்லை.

வீடு திரும்பும் பஸ்ஸில், “பசிக்குதாம்மா?” என்று மட்டும் கேட்டார்.

மன்னிப்புக் கேட்க எனக்கு நாற்பது வருடம் இருந்தது. கேட்கவில்லை. போன மாசம் அவரை ஓயாமாரி சுடுகாட்டில் எரித்துவிட்டார்கள்.