சக்கரம் தள்ளிய எண்

அவன் உருளைக்கிழங்குக்குத் தோல் சீவிக்கொண்டிருந்தான். பழகாத கை, தோலோடு பாதிக் கிழங்கும் போயிற்று. அண்ணி அடுப்படிப் பக்கம் வந்து நாலு நாளாகிறது. ஆஸ்பத்திரி வார்டில் நர்ஸான அவள் கம்ப்யூட்டரில் பதிந்த இன்சுலின் அளவைப் பார்த்து அடுத்த ஷிப்ட் நர்ஸ் ஊசி போட்டாள். நோயாளிப் பெரியவர் தூக்கத்திலேயே போய்விட்டார். டாக்டர் சொன்னது ஆறு யூனிட். பதிவில் இருந்தது பதினாறு. நாளைக் காலை விசாரணை. வேலை போவது நிச்சயம் என்றார்கள், கேஸும் வரும் என்றார்கள்.

அந்தப் பதிவுத் திரைக்குப் புரோகிராம் எழுதியவன் அவன். அம்மா போன பிறகு அவனை வளர்த்துப் படிக்க வைத்தவள் அண்ணி. அண்ணன் போன பிறகும் இருவருக்கும் ஒரே வீடுதான். திரையில் பெட்டி பெட்டியாக அடுக்கிப் பிழைக்கிறவனுக்கு அவள் வைத்த பெயர் ‘பெட்டிக்கடை’.

“பெட்டிக்கடை, கிழங்கைச் சீவுறியா, செதுக்குறியா?” என்று கூடத்திலிருந்து குரல் வந்தது. நாலு நாளில் முதல் கிண்டல். அவன் கையைத் துடைத்துக்கொண்டு லேப்டாப்போடு போய் உட்கார்ந்தான்.

“அண்ணி, அன்னிக்குச் செஞ்ச மாதிரியே ஒரு தடவை செஞ்சு காட்டுங்க.”

“எத்தனை தடவைடா சொல்றது? ஆறுன்னு கண்ணால பார்த்துதான் எடுத்தேன். இப்ப பார்த்தேனான்னு எனக்கே சந்தேகமா இருக்கு.”

வார்டில் இருப்பது பழைய சின்னத் திரை. பதிவுப் பக்கத்தை லேப்டாப்பில் திறந்து அந்த அளவுக்குச் சுருக்கிக் கொடுத்தான். மருந்தளவு எண்களின் பட்டியலைத் திறந்து ஆறை எடுத்தாள். சேமிக்கும் பொத்தான் கீழே, கண்ணில் படாத இடத்தில். மவுஸ் சக்கரத்தை உருட்டினாள். பக்கம் அசையவில்லை.

“இது எப்பவும் இப்படித்தான் சண்டித்தனம் பண்ணும்” என்று இன்னும் உருட்டிவிட்டு, ஓரத்துப் பட்டையைப் பிடித்து இழுத்தாள். பொத்தான் வந்தது, அழுத்தினாள். எண் இருந்த பெட்டி அதற்குள் மேலே போய் மறைந்திருந்தது.

அவன் மேலே நகர்த்திப் பார்த்தான். பதினான்கு.

எண்ணை எடுத்த பிறகும் பட்டியல் பிடியை விடுவதில்லை. சக்கரத்தை உருட்டினால் பக்கம் நகர்வதற்குப் பதில் எடுத்த எண்தான் மாறும். அவனுக்குத் தெரியாத விஷயமில்லை. ஆனால் அவன் சோதித்தது ஆபீசின் பெரிய திரையில். அங்கே உருட்டவே வேண்டியதில்லை. வார்டில் ஒரு நாள் போய் உட்கார்ந்திருந்தால் போதும். போகவில்லை.

“அப்ப நான் ஆறுதான் போட்டேன்” என்றாள் அண்ணி. லேப்டாப்பை அவன் பக்கம் தள்ளி, “பாவி” என்றாள்.

முதலாளிக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னான்.

“சத்தமில்லாம இப்பவே சரி பண்ணி ஏத்திடு” என்றார் அவர். “நாளைக்கு அங்க போய் வாயைத் திறந்தா உனக்கு இங்க வேலை இல்ல. வேற எங்கயும் கிடைக்காம பார்த்துக்குவேன்.”

சரி செய்து ஏற்றினான். காத்திருந்தால் இன்னொரு உயிர் போகும். பழையதன் பிரதியை மட்டும் தன்னிடம் வைத்துக்கொண்டான்.

காலையில் விசாரணை அறைக்குள் அண்ணியின் பின்னாலேயே நுழைந்தான். லேப்டாப்பில் பழைய பிரதியை வார்டுத் திரை அளவுக்குத் திறந்து, மவுஸைத் தலைமை டாக்டர் பக்கம் தள்ளினான்.

“ஆறு எடுத்துச் சேமிங்க சார்.”

டாக்டர் எடுத்தார், உருட்டினார், முகம் சுளித்துப் பட்டையை இழுத்தார், சேமித்தார். அவன் மேலே நகர்த்திக் காட்டினான். பதினொன்று.

எதிரே செத்துப்போனவரின் மகள் உட்கார்ந்திருந்தாள். “எங்கப்பாவுக்கும் இப்படித்தானா?”

“ஆமாங்க. அதை எழுதினது நான்தான்.”

அண்ணி எழுந்து தன் நாற்காலியை அவன் பக்கம் தள்ளினாள். “உட்காரு” என்றாள். உட்கார்ந்தான்.