சைதாப்பேட்டைக் கரையில் ஒரு நீர்நாய்க்குட்டி

பெருமழை ஓய்ந்த மறுநாள் காலை, ஆற்றோரக் குடிசையில் இருக்கும் மீன்காரப் பெண் என் வீட்டுக் கதவைத் தட்டினாள். அவள் முந்தானைக்குள் ஏதோ நெளிந்தது.

"டீச்சர், இது இன்னா, கீரியா நாய்க்குட்டியா? எங்கூட்டு செவுத்தோரம் கெடந்துச்சு. விசிலடிச்சிக்கினே கீது."

பள்ளியில் விலங்கியல் நடத்துபவள் என்பதால் என்னிடம் கொண்டுவந்திருந்தாள். தட்டையான தலை, தடித்த வால், விரல்களுக்கிடையே சவ்வு. நீர்நாய்க்குட்டி. மழையில் நிரம்பிய ஏரியைத் திறந்துவிட்டபோது, ஏதாவது செடித்திட்டில் தொற்றிக்கொண்டு வெள்ளத்தோடு வந்திருக்க வேண்டும்.

"நீர்நாயா? அப்ப ஆத்துலயே உட்ரலாமே."

"ஐயோ, வேண்டாம். குட்டிக்கு நீந்தத் தெரியாது. தாய்தான் கழுத்தைக் கவ்வித் தண்ணிக்குள்ள இழுத்துட்டுப் போய்ப் பழக்கும்."

"தண்ணியில பொழைக்கிற ஜென்மத்துக்கே கத்துக்குடுக்கணுமா?" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன்.

குட்டி நடுங்கியது. நீர்நாய்க்குத் தோலுக்கடியில் தடித்த கொழுப்புப் படலம் கிடையாது. அடர்ந்த ரோமம் காற்றைப் பிடித்து வைத்துக்கொள்வதால்தான் அதற்குக் குளிர் தெரியாது. இதன் ரோமமெல்லாம் சாக்கடை எண்ணெய் அப்பியிருந்தது. துண்டால் துடைக்கத் துடைக்க இன்னும் பிசுபிசுத்தது. அவள் நறுக்கித் தந்த மீனை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. தாய்ப்பால் குடிக்கும் வயது. வனத்துறைக்குப் போன் செய்தேன். "வண்டி கிளம்பிடுச்சு மேடம். ரோடெல்லாம் தண்ணி, லேட்டாகும். மாட்டுப்பால் மட்டும் குடுத்துடாதீங்க, ஒத்துக்காது" என்றார்கள்.

அப்போது ஆற்றுப்பக்கமிருந்து ஒரு விசில் கேட்டது. துண்டுக்குள்ளிருந்து குட்டி பதில் சொன்னது.

ஓடினோம். ஆற்று நடுவில், ஆகாயத்தாமரைத் திட்டுக்குப் பக்கத்தில் ஒரு பழுப்புத் தலை எழுந்து எங்களையே பார்த்தது. குட்டியைக் கரையில் வைத்துவிட்டுப் பின்னால் தள்ளி நின்றோம். தாய் நீந்தி வந்தது. பாதி தூரம் வருவதற்குள் தெருநாய்கள் குட்டியைச் சூழ்ந்துவிட்டன. மீன்காரப் பெண் கழியைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். நாய்கள் விலகின. ஆனால் அவளைக் கண்டு தாயும் முங்கிவிட்டது.

மறுபடி வைத்தோம். மறுபடியும் அதேதான். நாங்கள் விலகினால் நாய்கள் வந்தன. நாங்கள் நின்றால் தாய் வரவில்லை.

"எதுனா சொல்லேன் டீச்சர், நீ படிச்சவதானே!"

நீர்நாய்கள் குடும்பமாக வாழும், மீசையால் கலங்கல் நீரிலும் மீனைக் கண்டுபிடிக்கும் என்றெல்லாம் எனக்குத் தெரியும். இந்தப் பத்தடிக் கரையில் என்ன செய்வதென்று தெரியவில்லை.

கடைசியில் குட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அதன் குரல் மெலிந்து, பிறகு வரவேயில்லை. வண்டியில் வந்த பையன் தொட்டுப் பார்த்துவிட்டு இல்லையென்று தலையசைத்தான். பெட்டியில் வைத்து எடுத்துப்போனான்.

தாய் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது.

"செத்துப்போச்சுன்னு அதாண்ட எப்டி சொல்றது டீச்சர்?" என்றாள்.

அன்று அவள் கடை போடப் போகவில்லை. இருட்டும்வரை இருவரும் ஆற்றைப் பார்த்தபடி அங்கேயே நின்றிருந்தோம்.