தடையின்றி இயங்கிய பஸ்

எங்கள் ஊருக்கு மாலை பஸ் உண்டு என்று செம்மேடு பஸ் ஸ்டாண்டு போர்டில் எழுதியிருந்தது. பஸ்ஸும் கிளம்பும். சோளக்காடு வந்ததும் எங்கள் ஊர் ரோட்டுக்குள் நுழையாமல், ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பிவிடும். "ரோடு சரியில்லீங்க" என்பார் கண்டக்டர். அதே ரோட்டில் மரவள்ளிக்கிழங்கு லாரிகள் தினமும் போய்வந்தன. அதைச் சொன்னால், "டெப்போவுல கேளுங்க" என்பார். டெப்போ மலைக்குக் கீழே இருந்தது.

மகள் செம்மேட்டில் பத்தாம் வகுப்பு படித்தாள். ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து அந்த பஸ்ஸில்தான் வர வேண்டும். மிளகு பறிக்கிற காலத்திலும் வேலையைப் போட்டுவிட்டு நான் சோளக்காட்டுக்கு நடந்துபோய் அவளைக் கூட்டிவருவேன். வழியில் கரடியைப் பார்த்தவர்கள் உண்டு. "இந்தப் பரீட்சையோட படிப்பு போதும்" என்று மனைவி சொல்லிவிட்டாள். மகள் அவளோடு பேசுவதை நிறுத்தினாள். எனக்கு மனைவி மீது கோபம் வரவில்லை, அந்த பஸ் மீதுதான் வந்தது.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்த புதிது. கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி நானும் டெப்போவுக்கு எழுதிப் போட்டேன். மனு எழுத எங்களுக்குத் தெரிந்தது ஒரே விதம்தான்: ஐயா, ஏழை எளிய மக்கள், கருணை கூர்ந்து, தாழ்மையுடன். எந்த அதிகாரி மலையேறி வந்தாலும் அதையேதான் நீட்டுவோம். 'தங்கள் கோரிக்கை பரிசீலிக்கப்படும்' என்று பதில் வந்தது. மகள் வாசித்துவிட்டுச் சிரித்தாள்.

"ஏனுங்கப்பா, பஸ் வேணும்னு கெஞ்சியிருக்கீங்க. தகவல் எங்க கேட்டிருக்கீங்க?"

அடுத்த தடவை கெஞ்சவில்லை. மாலை பஸ் எங்கள் ஊர் வரை வருகிறதா, இல்லையென்றால் யார் உத்தரவில் நிறுத்தினார்கள் என்று மட்டும் கேட்டேன். 'தாழ்மையுடன்' என்று எழுதாதது, செருப்போடு கோயிலுக்குள் போன மாதிரி உறுத்தியது.

பதில் வந்தது. 'மேற்படி பேருந்து தங்கள் ஊர் வரை நாள்தோறும் தடையின்றி இயக்கப்படுகிறது.' கீழே கையெழுத்து, முத்திரை. கிழிக்கப் போனேன். மகள் பிடுங்கிக்கொண்டாள்.

மறுநாள் வழக்கம்போல் சோளக்காட்டில் காத்திருந்தேன். பஸ் வந்து நின்று எல்லோரும் இறங்கினார்கள். மகள் இறங்கவில்லை.

"எறங்கு கண்ணு, வண்டி திரும்போணும்" என்றார் கண்டக்டர்.

"எங்கூரு வரைக்கும் தினமும் போகுதுன்னு உங்க ஆபீஸ்லயே எழுதிக் குடுத்திருக்காங்க. அங்கயே எறங்கிக்கறனுங்க" என்று காகிதத்தை நீட்டினாள்.

அவர் வாசித்தார். முத்திரையை மறுபடி உற்றுப் பார்த்தார். டிரைவரிடம் கொண்டுபோய்க் காட்டினார். டிரைவர் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "ஏறுங்க" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். பழக்கடைப் பக்கம் நின்ற எங்கள் ஊர்க்காரர்களும் திரும்ப ஏறினார்கள்.

ஊருக்குள் வந்ததும் டிரைவர் தலையை வெளியே நீட்டி, "வண்டிய எங்கீங்க திருப்பறது?" என்று என்னிடம் கேட்டார். நாள்தோறும் வந்துபோகிற பஸ் அது.

பொய் எழுதியவரை யாரும் விசாரிக்கவில்லை. அதன்பின் பஸ் தானாகவே வந்தது என்றும் சொல்ல மாட்டேன். மழை பெய்தால் சோளக்காட்டோடு திருப்பப் பார்ப்பார்கள். மகள் அந்தக் காகிதத்தை பிளாஸ்டிக் கவரில் போட்டுப் புத்தகப் பையிலேயே வைத்திருந்தாள். படிப்பை நிறுத்தும் பேச்சை மனைவி எடுக்கவில்லை. பன்னிரண்டாம் வகுப்பு முடியும்வரை மகள் எங்கள் ஊரில்தான் இறங்கினாள்.