‘ஆக்கி’ என்று எழுதியது நான்தான்

இன்று காலை எங்கள் மைதானத்தில் இரண்டு இரும்புக் கம்பங்கள் வந்து இறங்கின.

இறங்கியதோடு நிற்கவில்லை. பதினொரு மணிக்குள் குழி தோண்டி, சிமெண்ட் கலந்து, நட்டும்விட்டார்கள்!

வாலிபால் கம்பங்கள்.

நாங்கள் கேட்டது ஹாக்கி மைதானம்.

(சிரிக்க வேண்டாம். முழுசாகப் படித்துவிட்டு அழலாம்.)

என்னைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஜவ்வாது மலையில் ஹாக்கி என்றால் நான். ஜமுனாமரத்தூர் சந்தையில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

இந்திய அணி உலகக் கோப்பை வாங்கிய அன்று ரேடியோவைப் பலா மரத்து உச்சியில் கட்டி, மலை முழுக்கக் கேட்க வைத்தவன் நான். (அப்போது அரை டிரவுசர். மரம் இன்னும் இருக்கிறது, சாட்சி சொல்லும்.) கடைசி கோலுக்கு நான் போட்ட சத்தம் கீழே போளூர் ஸ்டேஷனில் கேட்டதாம்!

அதன்பிறகு அந்தக் கோப்பை நம் பக்கம் வரவே இல்லை.

ஒலிம்பிக்கில் எட்டுத் தங்கம் வாங்கிய அணி ஐயா. புல்தரை இருந்தவரை நாம்தான் ராஜா. செயற்கைத் தரை போட்டார்கள், வழுக்கினோம். பெய்ஜிங் ஒலிம்பிக்குக்கு உள்ளே நுழையவே முடியவில்லை. அந்தத் துக்கத்தில் மூன்று நாள் நான் சாப்பிடவில்லை (டீயும் போண்டாவும் சேர்த்தி இல்லை). இப்போதுதான் அடுத்தடுத்து இரண்டு வெண்கலம் வந்து, கொஞ்சம் மூச்சு விட்டேன்.

இந்தக் கதையை நான் சொல்லிச் சொல்லித்தான் என் தம்பி மகள் காயத்ரி மட்டையைப் பிடித்தாள். பதினொரு பெண்களைச் சேர்த்து டீமும் கட்டிவிட்டாள்.

ஆடத்தான் இடமில்லை.

சரிவில்தான் பிராக்டிஸ். ஓங்கி ஒரு அடி அடித்தால் பந்து பள்ளத்துக்குப் போய்விடும். ஆடுகிற நேரத்தை விட பந்து தேடுகிற நேரம் அதிகம். அடுத்த மாதம் மாவட்ட அணிக்கு ஆள் எடுக்கிறார்கள்.

எங்கள் ஊரில் சமதளம் என்று இருப்பது ஒரே ஒரு புறம்போக்கு. அதை மைதானமாக்கித் தருகிறோம், எந்த விளையாட்டுக்கு என்று எழுதிக் கொடுங்கள் என அரசாங்கத்திலிருந்து ஒரு பாரம் வந்தது. காயத்ரி நானே எழுதுகிறேன் என்றாள். விடுவேனா? ஹாக்கி விஷயம், என் கையால்தான் போக வேண்டும் என்று பிடுங்கிக்கொண்டேன்.

பாரத்தில் விளையாட்டுப் பெயர்கள் வரிசையாக இருந்தன. கையுந்துபந்து, கூடைப்பந்து, இறகுப்பந்து, வளைகோல்பந்து, பிற.

கண்ணாடி போட்டு மூன்று தடவை பார்த்தேன். ஹாக்கி இல்லை!

வளைகோல் என்றதும் எனக்குப் புளியம்பழம் பறிக்கிற தொரட்டிதான் ஞாபகம் வந்தது. மலைக்காரன் என்றால் தொரட்டியை வைத்துத்தான் விளையாடுவான் என்று நினைத்துவிட்டார்களா? கோபம் தலைக்கேறியது. சிவப்புப் பேனாவால் அதை அடித்தேன். பக்கத்தில் ‘இது வேண்டவே வேண்டாம்’ என்று எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டேன்.

‘பிற’ என்ற இடத்தில் கொட்டை எழுத்தில்: ‘ஆக்கி மைதானம் தரவும்.’

(எங்கள் ஊரில் ‘ஹா’ என்பது கொட்டாவிக்கு மட்டும்தான்.)

இன்று கம்பம் நட வந்த மேற்பார்வையாளர் ஃபைலோடு நின்றிருந்தார். மூச்சிரைக்க ஓடினேன்.

"இன்னா சார் இது? நாங்க கேட்டது ஆக்கியாச்சே."

"ஆக்கித்தானே குடுத்துகிறோம். ‘ஆக்கி மைதானம் தரவும்’னு எழுதிருக்கீங்க. கரடுமுரடா இருந்த எடத்த மைதானமா ஆக்கிட்டோம். எந்த ஆட்டம்னு நீங்க எழுதல, அதான் வரிசையில மொதல்ல இருந்த கையுந்துபந்துக்கு, வாலிபாலுக்குத்தான், கம்பம் நட்டுட்டோம்."

"ஆக்கின்னா மட்டை வெச்சி ஆடுவாங்களே சார், அது!"

அவர் என் பாரத்தைத் திருப்பி என்னிடமே காட்டினார்.

"அதுக்குப் பேரு வளைகோல்பந்துங்க. அதத்தான் நீங்களே அடிச்சிட்டு, வேண்டவே வேண்டாம்னு கோடு வேற போட்டுகிறீங்க."

சிவப்பு மை கொஞ்சம்கூட மங்கவில்லை.

மாற்ற வழியில்லையா என்று கெஞ்சினேன். ஒரு ஊருக்கு ஒரு மைதானம்தான், இன்னொன்று வேண்டுமானால் இன்னொரு சமதளத்தைக் காட்டுங்கள் என்றார். மலையில் நின்றுகொண்டு!

காயத்ரி பக்கத்தில்தான் நின்றாள். கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"எட்டுத் தங்கம் வாங்குன கதையெல்லாம் தெரியுது. அந்த ஆட்டத்துக்குத் தமிழ்ல இன்னா பேருன்னு தெரியாதா பெரியப்பா?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.

அதற்குள் டீமில் மூன்று பெண்கள் மட்டையைக் கீழே வைத்துவிட்டு, வாலிபால் எப்போது வரும் என்று மேற்பார்வையாளரிடம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. சமதளத்தில் ஓட யாருக்குத்தான் ஆசை இருக்காது?

மிச்சம் எட்டுப் பேர். (தங்கமும் எட்டுதான். ஆறுதலாக இல்லை.)

மத்தியானம் காயத்ரி புதிதாக ஒரு மனு எழுதி எடுத்து வந்தாள். ‘வளைகோல்பந்து’ என்று தெளிவாக எழுதியிருந்தாள்.

"கையெழுத்து மட்டும் போடுங்க. வேற ஒரு எழுத்தும் எழுதாதீங்க."

போட்டேன். அடியில் கோடு போடக் கை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

மனு போய்ச் சேர்ந்து, படித்து, அந்த சிமெண்டை உடைப்பதற்குள் மாவட்டத் தேர்வு முடிந்துவிடும். அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

இப்போது எட்டுப் பேரும் பழையபடி சரிவில் ஆடுகிறார்கள். இந்தப் பதிவைப் பள்ளத்தில் நின்றுகொண்டு எழுதுகிறேன். பந்து பொறுக்க ஆள் வேண்டும் அல்லவா? நானே வந்துவிட்டேன். யாரும் கூப்பிடவில்லை.

உண்மையைச் சொல்லுங்கள் நண்பர்களே, வளைகோல் என்றால் ஹாக்கி என்று உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஒருத்தராவது தெரியாது என்று சொல்லுங்களேன்.

(இருங்கள், பந்து வருகிறது.)