பதினொரு வீடுகளின் பட்டியல்

பெற்றோல் இல்லாமல் போன அந்த மாதங்களில் எங்கள் பள்ளிக்கூடத்தை மூடினார்கள். அதிபரும் மற்ற ஆசிரியர்களும் மன்னார் ரவுணிலிருந்து வருபவர்கள். பஸ் ஓடவில்லை, மோட்டார் சைக்கிள்கள் வீட்டில் நின்றன. உயிலங்குளம் பக்கத்து வயல் ஊரான இங்கே குடியிருந்த ஆசிரியை நான் ஒருத்திதான்.

ஆரம்ப வகுப்புப் பிள்ளைகளுக்குப் பள்ளியில் தினமும் ஒரு வேளைச் சாப்பாடு கொடுப்போம். மூடிய இரண்டாவது வாரம் அதிபர் எனக்குப் போன் எடுத்தார். களஞ்சிய அறையில் கிடக்கும் அரிசியையும் கௌபிப் பயறையும் வண்டு பிடிக்கமுன் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுக்கச் சொன்னார். எல்லாருக்கும் பிரித்தால் ஆளுக்கு ஒரு கிலோகூட வராது. அதனால் மிகவும் கஷ்டப்பட்ட வீடுகள் என்று எனக்குத் தெரிந்த பதினொன்றை எழுதிக்கொண்டு, பைகளைச் சைக்கிளில் கட்டிப் புறப்பட்டேன்.

மூன்றாவது வீடு, மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் வீடு. தகப்பன் உழவு மெஷின் ஓட்டுபவர். டீசல் இல்லாததால் வேலை இல்லை. தாய் படலைக்கு வந்தாள். பையை வாங்கவில்லை.

“பக்கத்து வீட்டுக்கும் குடுத்தனீங்களோ ரீச்சர்?”

“இல்லை. இது கொஞ்சப் பேருக்குத்தான்.”

“ஆர் ஆருக்கு எண்டு எழுதினது ஆர்?”

“நான்தான்.”

“எங்கட அடுப்பு எரியிறதும் எரியாததும் உங்களுக்கு எப்பிடித் தெரியும்? கொண்டு போங்கோ.”

கோபமாகச் சொல்லவில்லை. படலையைச் சாத்திவிட்டு உள்ளே போனாள். மகள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு முகம் சுட்டது. மிச்ச வீடுகளுக்குப் போகாமல் சைக்கிளைத் திருப்பினேன்.

பள்ளிக்குச் சமைக்கும் அக்காவிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் விறகு பிளந்துகொண்டிருந்தாள்.

“பள்ளிக்கூடத்தில எல்லாப் பிள்ளையளும் ஒண்டாய் இருந்து திண்டதுகள். நீங்கள் பேர் எழுதிக்கொண்டு போனா ஆர் வாங்குவினம்? மண்டபத்தைத் திறவுங்கோ, நான் காய்ச்சுறன்.”

அடுத்த திங்கட்கிழமை மண்டபத்தைத் திறந்தோம். வாரத்தில் நான்கு நாட்கள். முதலில் கணக்கும் வாசிப்பும், பிறகு சாப்பாடு. ஒரு நாள் முருங்கையிலைக் கஞ்சி, ஒரு நாள் தேங்காய்ப்பூ போட்ட கௌபி. கடைக்காரரின் பிள்ளைகளும் வந்தார்கள். என் மகளையும் வரிசையில் இருத்தினேன். பைகளை ஏற்கெனவே வாங்கிய இரண்டு வீடுகளிலிருந்தும் பிள்ளைகள் வந்தார்கள்.

மூன்றாம் வகுப்புப் பிள்ளை நான்காவது நாள்தான் வந்தாள். கொப்பியும் கோப்பையும் கொண்டுவந்திருந்தாள். சாப்பிட்டு முடிந்ததும், வீட்டிலிருக்கும் தங்கச்சிக்குக் கொஞ்சம் கொண்டு போகலாமா என்று அக்காவிடம் கேட்டாள்.

“கட்டித் தரமாட்டன். திங்கட்கிழமை அவவையும் கூட்டிக்கொண்டு வா.”

அப்படி, பள்ளி வயதாகாத ஐந்தாறு பேரும் சேர்ந்தார்கள். சட்டப்படி சரியோ என்று நான் யோசித்தேன். யாரும் வந்து கேட்கவில்லை.

மூன்று வாரத்தில் களஞ்சியம் காலியானது. அதன்பிறகு வயற்காரர் நெல்லுக் குற்றி அனுப்பினார்கள். பூசணிக்காய் வந்தது. பேசாலையிலிருந்து சைக்கிளில் வரும் மீன்காரர் வெள்ளிக்கிழமைகளில் விற்காமல் மிஞ்சிய சூடை மீனைத் தந்துவிட்டுப் போனார். ஒன்றும் கிடைக்காத நாட்களும் இருந்தன. அன்றைக்குத் தேத்தண்ணியும் பனங்கட்டியும் கொடுத்துப் பிள்ளைகளை அனுப்பினோம்.

ஒரு புதன்கிழமை அக்காவுக்குக் கடும் காய்ச்சல். சமைக்க ஆளில்லை என்று பிள்ளைகளைத் திருப்பி அனுப்பத்தான் போனேன். அடுப்படியில் புகை எழும்பிக்கொண்டிருந்தது. பையைத் திருப்பியனுப்பிய அந்தத் தாய் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

“கஞ்சி கொதிக்குது ரீச்சர். பிள்ளையளை இருத்துங்கோ,” என்றாள், தலையை நிமிர்த்தாமல்.

அக்கா எழும்பி வந்த பிறகும் அவள் வருவதை நிறுத்தவில்லை, இருவருமாகச் சமைத்தார்கள். பட்டியலைப் பற்றி அவளிடம் மன்னிப்புக் கேட்க இரண்டு தடவை நினைத்தேன். கேட்கவில்லை. அவளும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

பள்ளி மீண்டும் தொடங்கிய வாரம் மிட்வைஃப் அம்மா வந்து பிள்ளைகளை நிறுத்துப் பார்த்தார். அரைவாசிப் பேருக்கு நிறை ஏறவில்லை. இரண்டு பேருக்குக் குறைந்திருந்தது. மற்ற ஊர்களில் இதைவிட மோசம் என்றார் அவர். நான் நிறைகளைக் கொப்பியில் எழுதி முடித்துவிட்டு, மணி அடித்ததும் இரண்டாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கப் போனேன்.